அடுத்து எந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ் பார்ப்பது? தேர்வு செய்ய முழுமையான வழிகாட்டி

அடுத்து என்ன பார்க்கலாம் என்று வருபவர்கள் முதலில் கேட்பது "எது நல்லா இருக்கும்?" என்பதைத்தான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். எந்த வடிவத்தில் இருக்கிறது, எத்தனை மணி நேரம் கேட்கும், கதை முடிந்ததா, எந்த எபிசோடிலிருந்து தொடங்குவது என்பதெல்லாம் தெரிந்த பிறகு தரத்தைப் பற்றிப் பேசலாம். நல்ல சீரிஸைத் தப்பான எபிசோடில் தொடங்கிவிட்டு, "இந்த வகையே எனக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கியவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான பட்டியலைச் சுருக்கிக் கொடுக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசியாக முழுதாகப் பார்த்து முடித்த இரண்டு மூன்று தொடர்களின் பெயர்கள். அவை சயின்ஸ் ஃபிக்‌ஷனாக இருக்க வேண்டும் என்றில்லை, போலீஸ் கதையோ குடும்பக் கதையோ எதுவானாலும் சரி. அப்புறம் பாதியில் விட்ட ஒன்றிரண்டு. வாரத்தில் நிஜமாகவே கிடைக்கும் நேரம் எவ்வளவு, கூட யார் உட்காரப் போகிறார்கள், எந்த ஓடிடிக்கு ஏற்கெனவே சந்தா இருக்கிறது என்பவையும் தெரிய வேண்டும். ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. மனதுக்குள் வைத்துக்கொண்டால் மூன்றாவது படியிலேயே குழம்பிவிடும்.

1. பிடித்த தொடரில் எது பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இந்தப் படியில்தான். சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற பெயருக்குள் நீதிமன்றக் கதை, போர்க் கதை, காதல் கதை, பேய்க் கதை எல்லாமே இருக்கிறது. அதனால் "எனக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன் பிடிக்கும்" என்பது உதவாத தகவல்.

'டார்க்' என்ற ஜெர்மன் தொடரை எடுத்துக்கொள்வோம் (2017–2020, 3 சீசன், 26 எபிசோடு). "அதே மாதிரி ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டால், காலப் பயணம் உள்ள இன்னொரு தொடரைச் சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் அது பொருந்தாது, ஏனென்றால் 'டார்க்'குக்குள் குறைந்தது மூன்று தனித்தனி ருசிகள் இருக்கின்றன.

ஒன்று, புதிர். 33 ஆண்டு இடைவெளியில் 1953, 1986, 2019 என்று கதை தாவும்போது எது எதோடு இணைகிறது என்று கண்டுபிடிக்கும் சுகம். இதற்காகப் பார்த்தவர் அடுத்து '12 மங்கீஸ்' (2015–2018, 47 எபிசோடு) பக்கம் போகலாம். தொடக்கத்தில் அவிழ்க்காமல் விட்ட முடிச்சுகளைக் கடைசியில் கணக்குத் தீர்ப்பதில் அது கெட்டி. அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பார்ப்பவர் என்றால் 'ஸ்டைன்ஸ்;கேட்' (2011, 24 எபிசோடு).

இரண்டு, நான்கு குடும்பங்களும் அவற்றின் ரகசியங்களும். காணாமல் போன பிள்ளையைத் தேடும் பெற்றோரின் தவிப்புதான் உங்களைப் பிடித்து வைத்தது என்றால் கால இயந்திரமே தேவையில்லை. 'தி லெஃப்ட்ஓவர்ஸ்' (2014–2017, 28 எபிசோடு) பாருங்கள். உலக மக்களில் 2 சதவீதம் பேர் ஒரே நொடியில் மறைந்துபோன பிறகு, மிஞ்சியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் கதை.

மூன்று, அந்தச் சூழல்: மழை, காடு, குகை, தூரத்தில் அணுமின் நிலையம். இதற்கு 'டேல்ஸ் ஃப்ரம் தி லூப்' (2020, 8 எபிசோடு) நெருக்கமாக வரும். புதிரை எதிர்பார்த்து அதைத் தொடங்கியவர்கள் கண்டிப்பாகக் கொட்டாவி விடுவார்கள்.

உங்களுக்கு எது என்று தெரியவில்லையா? அந்தத் தொடரைப் பற்றி நண்பரிடம் முதலில் எதைச் சொன்னீர்கள் என்று யோசியுங்கள். "கடைசியில் என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்திருந்தால் புதிர். ஒரு ஆளின் பெயரைச் சொல்லி ஆரம்பித்திருந்தால் பாத்திரங்கள். "அந்த ஊர் எப்படி இருக்கும்னா" என்று ஆரம்பித்திருந்தால் உலகம். இந்தச் சோதனை பெரும்பாலும் பொய்க்காது.

இன்னும் சில திசைகள்: அதிகாரம், அரசியல் பேரம் பிடிக்கும் என்றால் 'தி எக்ஸ்பேன்ஸ்', 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா', 'ஆண்டோர்'. பொறியாளர்கள் மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பிடிக்கும் என்றால் 'ஃபார் ஆல் மேன்கைண்ட்'. 1969-இல் சோவியத் யூனியன் முந்திக்கொண்டு நிலாவில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தொடங்கி, சீசனுக்குச் சுமார் பத்து ஆண்டு தாவிப் போகும். "நான் யார்" என்ற கேள்வி என்றால் 'செவரன்ஸ்' அல்லது 'ஆர்ஃபன் பிளாக்'. நடிப்புக்காகவே பார்ப்பவர்கள் இரண்டாவதைத் தவறவிடக் கூடாது, டாட்டியானா மஸ்லானி ஒருவரே பல குளோன்களாக வருகிறார். விசித்திரமான உயிரினங்கள், தாவரங்கள் என்றால் 'ஸ்கேவஞ்சர்ஸ் ரெய்ன்' (2023, 12 எபிசோடு). அனிமேஷன் என்பதால் குழந்தைகளுக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

2. விட்ட தொடரை ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள்

"போர் அடித்தது" என்று எழுதினால் பயனில்லை. என்ன நடந்தபோது போர் அடித்தது என்று எழுத வேண்டும். நிறைய பேர் வந்து பெயர் மறந்துபோனதா? பத்து எபிசோடு போயும் எதுவும் நகரவில்லையா? ரத்தமா? யாரையும் பிடிக்கவில்லையா?

இந்தப் பதில் நேரடியாகப் பெயர்களை வெட்டும். பெயர்க் குழப்பம் என்றால் 'ஃபவுண்டேஷன்', 'தி எக்ஸ்பேன்ஸ்' இரண்டையும் தள்ளிப் போடுங்கள். 'டெவ்ஸ்', 'செவரன்ஸ்' மாதிரி குறைந்த ஆட்களோடு நகர்பவற்றை எடுங்கள். நகரவே இல்லை என்பது காரணமானால், எபிசோடுக்கு எபிசோடு கதை முடியும் வகைக்குப் போக வேண்டும்.

இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்து, கண் செருகி, மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடி, அப்படியே நின்றுபோனதாக இருந்தால் அது தொடரின் குற்றமில்லை. அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. வடிவத்தை முடிவு செய்யுங்கள்

தனிப்பட்ட தொடரின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். உங்கள் வாரம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் வடிவம் அமையும், ரசனை அப்புறம்.

எபிசோடுக்கு ஒரு கதை: 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்', 'ஸ்டார் ட்ரெக்: ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்'. பத்து நாள் இடைவெளி விட்டாலும் ஒன்றும் கெடாது. வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதுதான் சரி.

ஒரே நீண்ட கதை: 'தி எக்ஸ்பேன்ஸ்', 'டார்க்', 'சைலோ'. வாரத்துக்கு இரண்டு எபிசோடாவது பார்க்க முடியாது என்றால் தொடங்க வேண்டாம், இழை அறுந்துவிடும்.

இரண்டும் கலந்தது: 'ஃபிரிஞ்ச்' (100 எபிசோடு), 'பர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (103 எபிசோடு), 'பாபிலோன் 5' (110 எபிசோடு). தனித்தனி வழக்குகளாக ஆரம்பித்து, போகப் போகப் பெரிய கதையாக மாறும். புதிதாக வருபவர்கள் முதல் பத்து எபிசோடைப் பார்த்துவிட்டு "இது சாதாரண துப்பறியும் தொடர்" என்று இறங்கிவிடுவது இந்த வகையில்தான். 'பர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' அப்படித் தவறவிடப்பட்டவற்றில் முக்கியமானது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி அது பேசியவற்றைப் பார்த்தால் 2011-இல் தொடங்கிய தொடர் என்று நம்ப முடியாது.

குறுந்தொடர்: 'டெவ்ஸ்' (2020, 8 எபிசோடு), 'ஸ்டேஷன் இலெவன்' (2021–22, 10 எபிசோடு). அடுத்த சீசன் என்ற பேச்சே இல்லை.

தொகுப்பு: 'பிளாக் மிரர்', 'லவ், டெத் + ரோபோட்ஸ்'. ஒவ்வொரு எபிசோடும் வேறு கதை, வேறு ஆட்கள்.

எது என்று தெரியாதவர்களுக்கு நான் குறுந்தொடரைத்தான் சொல்வேன். பிடிக்காமல் போனாலும் நஷ்டம் ஏழெட்டு மணி நேரம்தான்.

4. மணி நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

சீசன் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 1990-களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சீசன் என்றால் 22 முதல் 26 எபிசோடு. இப்போதைய ஓடிடி சீசன் 8 அல்லது 10. "ஏழு சீசன்", "மூன்று சீசன்" என்ற ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை, எபிசோடுகளை எண்ணுங்கள்.

'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 7 சீசன், 178 எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 நிமிடம். ஆக 130 மணி நேரத்துக்கும் மேல். 'தி எக்ஸ்பேன்ஸ்' 6 சீசன் என்றாலும் 62 எபிசோடுதான், சுமார் 46 மணி நேரம். 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' 214 எபிசோடு, அதைத் தொடங்குகிறவர் தெரிந்தேதான் தொடங்க வேண்டும்.

வாரத்தில் நான்கு எபிசோடு உங்கள் வேகம் என்று வைத்துக்கொண்டால், 'டார்க்' ஆறரை வாரம், 'தி எக்ஸ்பேன்ஸ்' கிட்டத்தட்ட நான்கு மாதம், 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பத்து மாதம். இதில் ஒரு சலுகை உண்டு. எபிசோடுக்கு ஒரு கதை என்ற வகையை முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நல்ல நாற்பதைப் பொறுக்கிப் பார்த்தாலே போதும். நீண்ட கதையில் அந்த வசதி கிடையாது.

5. கதை முடிந்ததா என்று பாருங்கள், ஸ்பாய்லரில் (கதை ரகசியத்தை முன்பே உடைப்பதில்) மாட்டாமல்

"முடிந்துவிட்டது" என்று சொன்னால் மூன்று அர்த்தம். நினைத்தபடி முடித்தார்கள், அவசரமாக முடித்து வைத்தார்கள், நடுவில் வெட்டினார்கள். மூன்றாவது வகையைத் தெரியாமல் தொடங்கிவிட்டுக் கடைசி எபிசோடில் கோபப்படுவது வழக்கமான கதை.

வெட்டப்பட்டவை: 'தி ஓஏ' (2 சீசன்), 'ரெய்ஸ்டு பை வுல்வ்ஸ்' (2 சீசன்). '1899' 'டார்க்' குழுவினரே எடுத்தது என்பதால் பலர் தாவுவார்கள். அது 2022 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரியிலேயே ரத்தாகிவிட்டது. எட்டு எபிசோடு, பதில் இல்லாத முடிவு. அதற்காகப் பார்க்கவே கூடாது என்றில்லை, தெரிந்து பாருங்கள்.

வெட்டிய பிறகு முடிவு கிடைத்தவை தனிக் கவனம் கேட்பவை. 'ஃபார்ஸ்கேப்' நான்காவது சீசனோடு அந்தரத்தில் நின்றது, 2004-இல் வந்த 'தி பீஸ்கீப்பர் வார்ஸ்' என்ற குறுந்தொடரில்தான் முடிகிறது. 'சென்ஸ்8' 2018-இல் வந்த நீண்ட சிறப்பு எபிசோடில் முடிகிறது. இவை சில இடங்களில் தனித் தலைப்பாக இருக்கும், தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'தி எக்ஸ்பேன்ஸ்' மூன்றாவது சீசனோடு 2018-இல் ரத்தாகி, வேறு நிறுவனம் எடுத்து மேலும் மூன்று சீசன் செய்தது. மூல நாவல்கள் ஒன்பது, தொடர் ஆறாவது நாவலோடு நிற்கிறது. முக்கியக் கதை நிறைவாக முடிந்தாலும் ஒன்றிரண்டு இழைகள் தொங்கும்.

இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் இடைவெளியைக் கவனியுங்கள். 'செவரன்ஸ்' முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது, இரண்டாவது 2025 ஜனவரியில்தான் வந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் முடிந்துபோனதையே எடுக்கலாம்.

இப்போது, இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? தொடரின் பெயரைத் தேடுபெட்டியில் தட்டினாலே "யார் சாகிறார்", "முடிவு விளக்கம்" என்று பரிந்துரைகள் வந்து விழும். அதனால் பெயரோடு "எத்தனை சீசன்" என்பதையும் சேர்த்து ஒரே மூச்சில் தட்டுங்கள். நடிகர் பட்டியலைத் திறக்கவே திறக்காதீர்கள். 60 எபிசோடு உள்ள தொடரில் ஒரு நாயகன் பெயருக்குப் பக்கத்தில் "9 எபிசோடுகள்" என்று இருந்தால் கதை அங்கேயே உடைந்தது. ரசிகர்களின் கலைக்களஞ்சியப் பக்கங்களில் பாத்திரத்தின் படத்துக்குக் கீழேயே உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று போட்டிருப்பார்கள். இரண்டாம் சீசன் டிரெய்லரும் அப்படித்தான், முதல் சீசன் முடிவைச் சொல்லாமல் அதை வெட்டவே முடியாது.

6. எங்கிருந்து தொடங்குவது என்று உறுதி செய்யுங்கள்

திரையில் "சீசன் 1, எபிசோடு 1" என்று காட்டுவதை அப்படியே நம்பினால் சில தொடர்களில் கால் இடறும்.

'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'தான் முதல் உதாரணம். கதை 2003-இல் வந்த இரண்டு பகுதிக் குறுந்தொடரில் தொடங்குகிறது, சுமார் மூன்று மணி நேரம். சில இடங்களில் இது தனித் தலைப்பாகக் கிடக்கும். அதைப் பார்க்காமல் சீசன் 1-ஐத் தட்டினால் '33' என்ற எபிசோடில் போய் விழுவீர்கள். தப்பியோடும் கப்பல்கள், 33 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் எதிரி, தூங்காத முகங்கள். பிரமாதமான எபிசோடு, ஆனால் இவர்கள் யார், ஏன் ஓடுகிறார்கள் என்று எதுவும் புரியாது. 'ரேஸர்' என்ற தனிப்படத்தை மூன்றாவது சீசனுக்குப் பிறகும், 'தி பிளான்' என்பதை எல்லாம் முடிந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். 1978-இல் இதே பெயரில் ஒரு தொடர் வந்திருக்கிறது, அது வேறு.

'ஃபயர்ஃப்ளை' (2002, 14 எபிசோடு) முதலில் ஒளிபரப்பானபோதே வரிசை கலைந்துவிட்டது. அறிமுக எபிசோடான 'செரினிட்டி'யைக் கடைசியில் போட்டார்கள், மூன்றை ஒளிபரப்பவே இல்லை. டிவிடியில் வந்த வரிசைதான் சரி. முதலில் வருவது 'செரினிட்டி' என்ற இரட்டை எபிசோடுதானா என்று பார்த்துக்கொண்டால் போதும். அதே பெயரில் 2005-இல் வந்த திரைப்படம் கடைசியில் பார்க்க வேண்டியது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் படத்தை முதலில் பார்த்துவிட்டுத் தொடரின் சில முக்கிய அதிர்ச்சிகளை இழந்தவர்கள் உண்டு.

'டாக்டர் ஹூ'வில் குழப்பம் இன்னும் ஒரு படி மேல், அங்கே மூன்று "முதல் சீசன்" இருக்கிறது: 1963, 2005, 2024. புதியவருக்கு 2005 நல்ல வாசல். அந்த முதல் சீசனின் எளிமையான கிராஃபிக்ஸ் உறுத்தினால் 2010-இல் தொடங்கும் சீசனுக்குப் போங்கள், அங்கே நாயகனும் புதிது, கூட வருபவரும் புதிது. எதையும் முடிவு செய்யாமல் ருசி மட்டும் பார்க்க 2007-இல் வந்த 'பிளிங்க்' எபிசோடைத் தனியாகப் பார்க்கலாம்.

'பிளாக் மிரர்' தொகுப்பு என்பதால் வரிசை அவசியமில்லை. முதல் எபிசோடு அருவருப்பையே ஆயுதமாக வைத்த அரசியல் கதை, பாதிப் பேர் அதோடு ஓடிவிடுகிறார்கள். 'பி ரைட் பேக்' (சீசன் 2, எபிசோடு 1) அல்லது 'சான் ஜுனிபெரோ' (சீசன் 3, எபிசோடு 4) நல்ல தொடக்கம். ஒரே ஒரு விதிவிலக்கு: ஏழாவது சீசனில் வரும் 'யுஎஸ்எஸ் காலிஸ்டர்' தொடர்ச்சிக்கு முன் நான்காவது சீசனின் முதல் எபிசோடைப் பார்த்திருக்க வேண்டும்.

'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்குபவர்களை முதல் சீசனிலேயே களைத்துப் போக விடாதீர்கள். முதல் இரண்டு சீசன் ஏற்ற இறக்கமானவை என்று அதன் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். 'தி மெஷர் ஆஃப் எ மேன்' (சீசன் 2, எபிசோடு 9) பாருங்கள். ஒரு ஆண்ட்ராய்டு (மனித உருவ ரோபோ) தனி ஆளா, கப்பற்படையின் சொத்தா என்று விசாரணை நடக்கிறது. அது பிடித்தால் மூன்றாவது சீசனிலிருந்து தொடர்ந்து போகலாம். பிடிக்காவிட்டால் இந்தத் தொடர் உங்களுக்கு இல்லை என்பது 45 நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

பெயர்க் குழப்பம் இன்னும் இரண்டு. சீன நாவலிலிருந்து வந்த '3 பாடி பிராப்ளம்' 2024-இல் 8 எபிசோடாக ஆங்கிலத்தில் வந்தது. 2023-இல் சீனத்தில் 30 எபிசோடாக வந்த 'த்ரீ-பாடி' வேறு. 'கௌபாய் பீபாப்' என்றால் 1998-இன் 26 எபிசோடு அனிமே. 2021-இல் நடிகர்களை வைத்து எடுத்தது ஒரே சீசனில் நின்றுபோனது. சிபாரிசு செய்தவர் எதைச் சொன்னார் என்று ஆண்டைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

7. இப்போது கேளுங்கள், எது நல்ல தொடர்?

இந்த இடத்துக்கு வரும்போது பட்டியலில் மூன்று நான்கு பெயர்தான் மிஞ்சியிருக்கும். மதிப்பெண்களைப் பார்க்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. பிந்தைய சீசன்களின் மதிப்பெண் பெரும்பாலும் உயர்ந்துகொண்டே போகும். தொடர் மேம்பட்டது ஒரு காரணமாக இருக்கலாம்; பிடிக்காதவர்கள் முதல் சீசனிலேயே போய்விட்டதால், மிஞ்சிய ரசிகர்கள் மட்டும் போட்ட மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். அதனால் முதல் சீசனை முதல் சீசனோடு ஒப்பிடுங்கள்.

விமர்சனம் படிப்பதானால் பிடிக்காதவர் எழுதியதைப் படியுங்கள். "ரொம்ப மெதுவாகப் போகிறது, எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று ஒருவர் திட்டியிருப்பது உங்களுக்குச் சிபாரிசாக இருக்கலாம். பாராட்டு விமர்சனங்களில் இந்த அளவு தகவல் கிடைக்காது.

8. எத்தனை எபிசோடு வரை பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

தொடங்கிய பிறகு முடிவு செய்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: முதல் எபிசோடிலேயே விட்டுவிடுவீர்கள், அல்லது பிடிக்காமலே இரண்டு சீசன் இழுத்துக்கொண்டு போவீர்கள்.

எல்லாவற்றுக்கும் "மூன்று எபிசோடு" என்ற ஒரே அளவு சரிவராது. கதையின் முதல் பகுதி எங்கே முடிகிறதோ அதுவே எல்லை. 'தி எக்ஸ்பேன்ஸ்' என்றால் நான்காவது எபிசோடு வரை. முதல் மூன்றில் மூன்று இடங்களில் மூன்று கதை, யாருக்கும் யாருக்கும் சம்பந்தம் தெரியாது. நான்காவதில் விண்கலங்கள் மோதும்போதுதான் இது எந்த மாதிரித் தொடர் என்று பிடிபடும். 'ஆண்டோர்' முதல் மூன்று எபிசோடும் ஒரே கதைத் துண்டு, அவை ஒரே நாளில் வெளியிடப்பட்டவை. ஒன்றோடு நிறுத்தினால் பாதிப் படத்தில் எழுந்து வந்த மாதிரி. 'ஸ்டைன்ஸ்;கேட்' பாதி வரை மந்தமாகத்தான் போகும், அந்தப் பொறுமை இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

எல்லையைத் தொட்டதும் ஒரே கேள்வி: அடுத்த எபிசோடில் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறதா? "பார்த்தால் பார்க்கலாம்" என்பது இல்லை என்றே அர்த்தம். கூச்சப்படாமல் விடுங்கள்.

9. பார்க்கும் முறையைச் சரிசெய்யுங்கள்

ஒலி மொழியை முதல் எபிசோடுக்கு முன்பே பாருங்கள். 'டார்க்' தொடங்கும்போது சிலருக்கு ஆங்கில டப்பிங்தான் தானாக ஓடும். மூல ஜெர்மன் ஒலிக்கு மாற்றி சப்டைட்டில் போட்டால் நடிப்பு வேறு தரத்தில் தெரியும்.

சப்டைட்டில் என்றால் கையில் போன் கூடாது. 'டார்க்'கில் ஒரே ஆள் வெவ்வேறு வயதில் வெவ்வேறு நடிகராக வருவார். பத்து விநாடி கீழே குனிந்தால் யார் என்ற இழை போய்விடும். குடும்ப மரத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். தயாராக வரைந்ததைத் தேடி எடுத்தால் அதில் மூன்றாவது சீசன் ரகசியம் வரை இருக்கும்.

எல்லாம் உடனே புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டாம். 'தி எக்ஸ்பேன்ஸ்' தொடரில் சிறுகோள் பகுதி மக்கள் பேசும் மொழியை நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தனியாக உருவாக்கினார். தொடக்கத்தில் அது உங்களுக்குப் புரியாமல் இருப்பதே நோக்கம். சில எபிசோடில் காது பழகிவிடும்.

கூட ஒருவர் பார்ப்பதானால் 1, 2-ஆம் படிகளை அவரும் தனியாக எழுதட்டும். இருவர் பட்டியலும் ஒட்டவே இல்லை என்றால் தொகுப்பு வகைதான் வழி, ஒரு வாரம் உங்கள் தேர்வு, ஒரு வாரம் அவர் தேர்வு.

10. வரிசையில் மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள்

நாற்பது பெயர் உள்ள பட்டியலைப் பார்த்தால் அன்றைய இரவு தேர்வு செய்வதிலேயே போய்விடும். மூன்று போதும்: இப்போது ஓடுவது ஒன்று, அடுத்தது ஒன்று, களைப்பான நாளுக்கு இலகுவானது ஒன்று. மூன்றாவது இடத்துக்கு 'ஸ்டார் ட்ரெக்: லோயர் டெக்ஸ்' (50 எபிசோடு) அல்லது 'மர்டர்பாட்' (2025, 10 எபிசோடு) பொருந்தும், இரண்டும் எபிசோடுக்கு அரை மணி நேர அளவுதான். 'லோயர் டெக்ஸ்' நகைச்சுவையில் பாதி பழைய ஸ்டார் ட்ரெக் தொடர்களைச் சீண்டுவது, அவற்றில் ஒன்றையாவது கொஞ்சம் பார்த்திருந்தால் இன்னும் எடுபடும்.

ஒரே மாதிரியான இரண்டை அடுத்தடுத்து வைக்க வேண்டாம். 'டார்க்' முடிந்த கையோடு '12 மங்கீஸ்' தொடங்கினால் இரண்டின் விதிகளும் தலைக்குள் கலந்துவிடும். நடுவில் சம்பந்தமே இல்லாத குறுந்தொடர் ஒன்றைப் போடுங்கள்.

11. நடுவில் விட்டதை மறுபடி எடுக்கும்போது

மாதக்கணக்கில் இடைவெளி விழுந்த நீண்ட கதையை விட்ட எபிசோடிலிருந்தே தொடராதீர்கள். அந்த சீசனின் முதல் எபிசோடையும், நீங்கள் கடைசியாகப் பார்த்த எபிசோடையும் மறுபடி பாருங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பது முதலாவதில் இருக்கும், இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பது இரண்டாவதில். இடையில் உள்ளவை பெரும்பாலும் தானாகவே நினைவுக்கு வந்துவிடும்.

சுருக்க வீடியோக்களை நம்புவதானால், எந்த எபிசோடு வரை சுருக்கியிருக்கிறார்கள் என்று தலைப்பிலேயே எழுதியிருப்பதை மட்டும் திறங்கள். புதிய சீசன் வருவதற்கு முன் தயாரிப்பாளர்களே வெளியிடும் முன்கதைச் சுருக்கம் இருந்தால் அதுவே பாதுகாப்பானது. 'செவரன்ஸ்' மாதிரி 9 எபிசோடு சீசன் என்றால் சுருக்கமே வேண்டாம், முழுதாக இன்னொரு முறை பார்த்துவிடலாம்.